ட்சும் பள்ளத்தாக்கு நடைபயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேபாளத்தின் ட்சும் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தேன் என்று தெரிந்ததிலிருந்து, போனிலும் நேரிலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததைப் பதிலாக எழுதியிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ட்சும் எங்கே இருக்கு? முக்திநாத் போகிற வழியா?

இல்லை. கண்டகி என்ற பெயரால் வரும் குழப்பம் இது. முக்திநாத் முஸ்தாங் மாவட்டத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் ஓடுவது காளி கண்டகி. ட்சும் கோர்கா மாவட்டத்தின் வடகோடியில், திபெத் எல்லையை ஒட்டி இருக்கிறது. அதற்குப் போகும் வழி பூடி கண்டகி ஆற்றின் கரையோடு போய், பிறகு சியார் கோலா என்ற கிளையாற்றைப் பிடித்து மேலே ஏறுகிறது. சாளக்கிராமத் தரிசனமும் வேண்டும் என்றால் அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மனாஸ்லு பாதுகாப்புப் பகுதி என்று 1998-இல் அறிவிக்கப்பட்ட வட்டாரத்துக்குள் ட்சும் வருகிறது. வெளிநாட்டவருக்கு இதன் கதவு திறந்ததே 2008-இல்தான். அதனால் எவரெஸ்ட், அன்னபூர்ணா பாதைகளில் பார்க்கும் கூட்டம் இங்கே கிடையாது.

புனிதப் பள்ளத்தாக்கு என்கிறார்களே, அங்கே என்ன கோயில்?

ஒரு கோயிலால் வந்த புனிதம் இல்லை இது. பள்ளத்தாக்கு முழுவதுமே புனிதம். குரு ரின்போச்சே என்று திபெத்திய பௌத்தர்கள் வணங்கும் பத்மசம்பவர், கெட்ட காலத்தில் மக்கள் தஞ்சமடைய இமயத்தில் சில மறைவிடங்களை ஒதுக்கிவைத்தார் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த இடங்களை பெயுல் என்பார்கள். ட்சும்மும் பக்கத்து நுப்ரி பகுதியும் கியிமோலுங் என்ற பெயுலைச் சேர்ந்தவை.

இதைவிட என்னை ஈர்த்தது இன்னொன்று. 1920-இல் ட்சும் மக்கள் ஒரு லாமாவின் முன்னிலையில் கூட்டாகச் சத்தியம் செய்தார்கள். அதன் பெயர் ஷ்யாக்யா. இந்தப் பள்ளத்தாக்கில் எந்த உயிரையும் கொல்வதில்லை, வேட்டையாடுவதில்லை, பொறி வைப்பதில்லை, வளர்த்த மாட்டை இறைச்சிக்கு விற்பதில்லை, தேன் எடுப்பதில்லை, காட்டுக்குத் தீ வைப்பதில்லை. நூறு வருடம் தாண்டியும் அந்தச் சத்தியம் நிற்கிறது. மேல் ட்சும்மில் நீலச் செம்மறிகள் பாதைக்குக் கொஞ்சம் மேலேயே மேய்ந்துகொண்டிருக்கும். மனிதர்களைப் பார்த்து நிமிரும், அப்புறம் மறுபடியும் புல்லில் வாய் வைக்கும். நாம் போவது அந்தச் சத்தியத்துக்குள்தான். இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

கணேஷ் ஹிமால் தெரியும் என்றார்கள். நம்ம பிள்ளையார்தானா?

அவரேதான். மலையின் தென்முகத்தில் யானைத் துதிக்கை போல ஒரு வடிவம் தெரிவதால் அந்தப் பெயர் என்கிறார்கள். முதன்மைச் சிகரத்தின் உயரம் 7,422 மீட்டர். அதன் உச்சியை மனிதர்கள் முதலில் தொட்டது 1955-இல், ஒரு பிரெஞ்சு-சுவிஸ் குழு. ட்சும் அதற்கு வடக்குப் பக்கம் என்பதால் துதிக்கையைத் தேடி ஏமாற வேண்டாம். ஆனால் மலை தெரியும், நன்றாகவே தெரியும்.

பாஸ்போர்ட் வேணுமா, விசா வேணுமா?

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளத்துக்கு விசா தேவையில்லை. வாக்காளர் அட்டை வைத்தே நாட்டுக்குள் போகலாம். ஆனாலும் பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள், பெர்மிட் வேலைக்கு அதுதான் தொல்லையில்லாதது. ஆதார் மட்டும் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் போய் நிற்காதீர்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்கள் காட்மாண்டு விமான நிலையத்தில் இறங்கியதும் விசா வாங்கிக்கொள்ளலாம்.

விசா வேறு, பெர்மிட் வேறு. ட்சும் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்பதால் இந்தியர்களுக்கும் தனி அனுமதி வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை வாரத்துக்கு 40 டாலர், மற்ற மாதங்களில் 30 டாலர், வாரம் தாண்டினால் நாளுக்கு 7 டாலர் என்பது நான் அறிந்த கட்டணம். மனாஸ்லு பாதுகாப்புப் பகுதி நுழைவுச் சீட்டு தனி. அது வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், சார்க் நாட்டவருக்கு 1,000. கட்டணங்களை அவ்வப்போது மாற்றுவார்கள், கிளம்பும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாகவே போயிடலாமா? கைடு கட்டாயமா?

கட்டாயம். இந்தப் பெர்மிட்டை நீங்களாகப் போய் வாங்க முடியாது. பதிவு பெற்ற ட்ரெக்கிங் ஏஜென்சி மூலமாகத்தான் குடிவரவுத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும், உரிமம் உள்ள கைடு கூட வர வேண்டும். குறைந்தது 2 பேர் கொண்ட குழு என்பது நெடுநாள் விதி. தனி ஆளாகப் போக விரும்புகிறவர்கள் இன்றைய நடைமுறையை ஏஜென்சியிடம் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். ஜகத், பிலிம் பக்கம் சோதனைச் சாவடிகளில் தாளை வாங்கிப் பார்ப்பார்கள்.

கைடு எல்லாரும் ஒண்ணுதானே? மலிவா இருக்கிற ஏஜென்சியைப் பிடிக்கலாமா?

ஒன்றில்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மன்றாடுவேன். பாதை காட்டுவதற்கு மட்டும் கைடு என்றால் யார் வந்தாலும் போதும், பாதை ஒன்றுதான். ட்சும்மில் கைடின் வேலை வேறு. எந்த வீட்டில் தங்கலாம், எந்த கோம்பாவின் (மடாலயத்தின்) சாவி யாரிடம் இருக்கிறது, எந்தப் பாட்டியிடம் படம் எடுக்கக் கேட்கலாம், எந்த நாள் பூஜை நாள் என்பதெல்லாம் தெரிந்தவர் வேண்டும். ஊர்க்காரர்கள் பேசுவது திபெத்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த பேச்சு. காட்மாண்டு கைடு நேபாளியில் கேட்டால் இளைஞர்கள் பதில் சொல்வார்கள், பெரியவர்கள் பலர் சிரித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். ட்சும்பா, அதாவது அந்தப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவரே கைடாகவோ போர்ட்டராகவோ வருவாரா என்று ஏஜென்சியிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி, போர்ட்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா, குளிருக்கு உடையும் நல்ல ஷூவும் இருக்கிறதா என்பது. இரண்டு பேருக்கு ஒரு போர்ட்டர் என்பது வழக்கம். ஆளுக்கு 10 கிலோவுக்குள் மூட்டையைக் கட்டினால் அவர் முதுகு தப்பும். ஏஜென்சி எங்கே காசைக் குறைத்தது என்று பார்த்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் குறைத்திருக்கும்.

மொத்தம் எத்தனை நாள் ஆகும்?

காட்மாண்டிலிருந்து காட்மாண்டு வரை இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் முழுக்க ஜீப்பில் மச்சா கோலா வரை. அங்கே உயரம் ஆயிரம் மீட்டர்கூட இல்லை, வியர்த்துக் கொட்டும். வழியில் டாடோபானியில் வெந்நீர் ஊற்று உண்டு. ஜகத் 1,340 மீட்டர், பிலிம், அப்புறம் மனாஸ்லு பாதையிலிருந்து பிரிந்து லோக்பா 2,240, சும்லிங் 2,386, சொக்காங்பாரோ 3,031, நிலே 3,361, கடைசியில் மூ கோம்பா 3,700. திரும்பும்போது ராச்சேன் கோம்பாவையும் மிலரேபா என்ற யோகியின் குகையையும் பார்த்துவிட்டு, உடம்பு கேட்டால் ஒரு பக்கப் பள்ளத்தாக்கில் ஏறி கும்பா லுங்டாங் என்ற பிக்குணிகள் மடத்துக்கும் போகலாம்.

லார்க்யா கணவாய் ஏறி, மனாஸ்லு மலையைச் சுற்றும் பாதையுடன் சேர்த்து முடிக்கிறவர்களும் உண்டு. அதற்கு மூன்று வாரம் வேண்டும், பெர்மிட்டும் கூடுதல், கணவாய் 5,100 மீட்டருக்கு மேல். முதல் முறை இமயம் போகிறவர்களுக்கு ட்சும் மட்டும் போதும் என்பேன். சேர்த்துப் போகிறவர்கள் ட்சும்மை உயரத்துக்கு உடம்பைப் பழக்கும் இடமாக மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள்.

எனக்கு வயசு ஐம்பத்தைந்து, முடியுமா?

முட்டியும் இதயமும் நன்றாக இருந்தால் முடியும். கயிறு, பனிக்கோடரி எதுவும் தேவைப்படாது. ஆனால் தினமும் ஆறேழு மணி நேரம் நடக்க வேண்டும், அதுவும் மேலே ஏறி, ஆற்றுக்கு இறங்கி, தொங்குபாலம் தாண்டி, மறுபடி ஏறி. இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே முதுகில் பையோடு படிக்கட்டு ஏறி இறங்கிப் பழகுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும், கைத்தடி இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோவேறு கழுதைகள் வரிசையாக எதிரே வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்தின் பக்கம் நிற்கவே கூடாது. மூட்டை இடித்தால் ஆள் ஆற்றில்தான்.

எந்த மாசம் நல்லது?

மார்ச் முதல் மே வரை, அல்லது செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை. வசந்தத்தில் கீழ்க்காடுகளில் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும், இலையுதிர் காலத்தில் வானம் துடைத்த மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் மேல் ட்சும் அவ்வளவாக நனையாது என்று யாராவது சொன்னால் நம்பிக் கிளம்பாதீர்கள். அங்கே போய்ச் சேர பூடி கண்டகி பள்ளத்தைத் தாண்ட வேண்டும், நிலச்சரிவு அங்கேதான். குளிர்காலத்தில் மேல் ஊர்களில் பனி விழும், ஊரே பாதி காலியாக இருக்கும்.

உயரத்துல மூச்சு முட்டுமா? மாத்திரை போட்டுக்கலாமா?

சும்லிங் வரை கவலையில்லை. அங்கிருந்து சொக்காங்பாரோவுக்கு ஒரே நாளில் 650 மீட்டர் ஏறுகிறோம், கவனம் அங்கே தொடங்க வேண்டும். 3,000 மீட்டர் தாண்டியபின் இரவு தங்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்வதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுப்பதும் பொதுவான விதி. மேலே சொன்ன ஊர் வரிசை அதற்குள் அடங்குகிறது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறாதீர்கள். தள்ளாடி நடப்பது, பேச்சு குழறுவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது இதெல்லாம் வந்தால் இரவாக இருந்தாலும் இறங்க வேண்டியதுதான்.

அசிடசோலமைடு மாத்திரை உதவும், ஆனால் சல்பா மருந்து ஒவ்வாதவர்களுக்குப் பிரச்சினை வரலாம். உங்கள் டாக்டரிடம் கேட்டபிறகே வாங்குங்கள். ஹெலிகாப்டர் மீட்புச் செலவைத் தரும் இன்சூரன்ஸ் இல்லாமல் போகாதீர்கள். பாலிசியில் எத்தனை மீட்டர் உயரம் வரை என்று எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

நான் சுத்த சைவம். சாப்பாடு கிடைக்குமா?

இமயத்தில் சைவர்களுக்கு இதைவிட நிம்மதியான பாதை அபூர்வம். இரண்டு வேளையும் தால்பாத், அதாவது சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு அல்லது கீரை, ஊறுகாய். கேட்டால் மறுபடி பரிமாறுவார்கள். மேலே போகப்போக அரிசி விலை ஏறும், அங்கே விளைவது பார்லி, பக்வீட், உருளைக்கிழங்கு. வறுத்த பார்லி மாவான சம்பாவைத் தேநீரில் பிசைந்து சாப்பிடக் கற்றுக்கொண்டால் காலை உணவுக் கவலை தீர்ந்தது.

உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு அடுப்படிதான் அங்கே கூடம். நடுவில் விறகடுப்பு, சுவர் முழுக்கத் தேய்த்துத் தேய்த்து மினுங்கும் செம்பு, பித்தளைப் பாத்திரங்கள். வீட்டுக்காரம்மா மரக்குழாயில் தேநீரைக் கடைந்து ஊற்றுவார். ஒரு வாய் குடித்தவுடன் மறுபடி நிரப்புவார், அதுதான் மரியாதை. போதும் என்றால் நிரம்பிய கோப்பையை அப்படியே வைத்துவிடுங்கள். எழும்போது குடித்து முடித்தால் சரி.

கருவாட்டுப் பொடி, இறால் ஊறுகாய் எல்லாம் எடுத்துட்டுப் போகலாமா?

ஷ்யாக்யா தடுப்பது பள்ளத்தாக்குக்குள் கொல்வதை. உங்கள் பைக்குள் யாரும் கைவிட்டுத் தேடப்போவதில்லை. இருந்தாலும் அவற்றை வீட்டிலேயே விட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன். பத்து நாள் அசைவம் இல்லாமல் இருப்பது நமக்குப் பெரிய காரியமில்லை. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் போதும். கீழே ஜகத்தில் கோழி வாங்கி மேலே கொண்டுபோய்ச் சமைக்கலாம் என்று குழுவில் யாராவது யோசனை சொன்னால், கைடு வாய் திறக்கும் முன் நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அட்டை கடிச்சா என்ன பண்றது? உப்பு போடலாமா?

மழை விட்டும் விடாமலும் இருக்கும் நாட்களில் கீழ்க்காட்டில் அட்டை உண்டு. உப்பு போட்டால் அது செத்துவிடும். ஏன் கூடாது என்று இதற்குள் புரிந்திருக்கும். அட்டையின் ஒல்லியான முனைதான் வாய். அதன் பக்கவாட்டில் நகத்தைத் தோலோடு ஒட்டித் தள்ளினால் பிடி விடும், உடனே அந்தப் பக்கம் சுண்டிவிடுங்கள். ரத்தம் சற்று நேரம் நிற்காமல் வரும், துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

தங்க ரூம், குளிக்க வெந்நீர், சார்ஜ், போன் சிக்னல்?

சின்ன லாட்ஜ்களும் வீட்டு விடுதிகளும் உண்டு. பலகைக் கட்டில், மெத்தை, கம்பளி. சொந்த ஸ்லீப்பிங் பேக் எடுத்துப் போங்கள். மூ கோம்பாவில் துறவிகள் தரும் எளிய அறைதான். குளியல் என்றால் ஒரு வாளி வெந்நீர், காசு தனி. மின்சாரம் சில ஊரில் உண்டு, சில ஊரில் சூரியத் தகடு மட்டும். பவர் பேங்க் கட்டாயம். சிக்னலை நம்பாதீர்கள், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உள்ளே ஏடிஎம் கிடையாது. முழுச் செலவுக்கும் நேபாள ரூபாயைக் காட்மாண்டிலேயே சில்லறையாக மாற்றிக்கொள்ளுங்கள். நம் ஒரு ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய்.

வழியெல்லாம் எழுத்து செதுக்கின கல்சுவர் வருதாம், எந்தப் பக்கம் போகணும்?

சுவர் உங்கள் வலது கைப் பக்கம் இருக்கும்படி, அதாவது இடப்புறமாகப் போங்கள். கோயில் பிரகாரம் வலம் வருகிற நமக்கு இது சொல்லித்தர வேண்டியதே இல்லை. மணிச் சுவர் என்னும் இந்தக் கல்சுவருக்கும், சோர்டன் என்ற ஸ்தூபிக்கும், கையால் உருட்டும் மணிச் சக்கரத்துக்கும் இதே திசைதான். ஊர் நுழைவில் கானி என்ற கல்வாசல் வரும். அவசரமாகக் கடந்துவிடாமல் நின்று அண்ணாந்து பாருங்கள், உள்கூரையில் மண்டல ஓவியம் தீட்டியிருப்பார்கள். செதுக்கிய கல் ஒன்றைக்கூட ஞாபகப் பொருளாக எடுக்கக் கூடாது. அதன்மேல் உட்காரவும் கூடாது, பையை இறக்கி வைக்கவும் கூடாது.

மாதவிடாய் நேரத்தில் கோம்பாவுக்குள் போகலாமா?

பெண்கள் பலரும் தயங்கித் தயங்கிக் கேட்டது இது. போகலாம். கோம்பாவின் பொது வழிபாட்டு அறைக்குள் அந்தத் தடை வழக்கத்தில் இல்லை. சில மடங்களில் காவல் தெய்வங்களுக்கென்று தனி அறை இருக்கும். அதற்குள் பெண்களையே எந்நாளும் விடாத வழக்கம் சில இடங்களில் உண்டு. மூடிய கதவு எதையும் நீங்களாகத் திறக்காமல், கைடு மூலம் கேட்டுவிட்டுப் போங்கள். நாப்கின்களை வழியில் எறியாமல், விடுதி அடுப்பிலும் போடாமல், பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். அடுப்பு அவர்களுக்குப் புனிதமானது. குப்பையை அதில் எரிப்பது தெய்வக் குற்றம்.

குழந்தைகளுக்கு சாக்லேட், பேனா கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

வேண்டாம். வழியில் வருகிறவரிடமெல்லாம் கை நீட்டும் பழக்கம் கூட்டம் மிகுந்த மற்ற பாதைகளில் எப்படி வளர்ந்தது என்பதை அங்கே போனவர்கள் பார்த்திருப்பார்கள். பல் டாக்டரும் பக்கத்தில் இல்லை. கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கைடோடு போய்ப் பள்ளிக்கூட ஆசிரியரிடமோ, ராச்சேன் கோம்பாவின் பிக்குணிகளிடமோ என்ன தேவை என்று கேட்டு அவர்களிடம் கொடுங்கள்.

அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே பெண்ணைக் கட்டிக்குவாங்களாமே? நேரில் கேட்கலாமா?

வழக்கம் இருந்தது உண்மை, இப்போது குறைந்துவருகிறது. காரணம் நிலம். விளையும் பூமி கையளவு, மகன்களுக்குப் பிரித்தால் ஒருவருக்கும் மிஞ்சாது. சகோதரர்கள் ஒரே குடும்பமாக இருந்தால் நிலம் உடையாது. ஒருவர் வயலைப் பார்ப்பார், ஒருவர் மாடுகளோடு மேய்ச்சலுக்குப் போவார், ஒருவர் கணவாய் தாண்டி வியாபாரத்துக்குப் போவார். கேமராவை நீட்டிக்கொண்டு ஒரு வீட்டுப் பெண்ணிடம் இதைக் கேட்பது அநாகரிகம். நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி நம் படுக்கையறைக் கதை கேட்டால் விடுவோமா?

மிலரேபா தவம் செய்த குகை நிஜமா? அதெல்லாம் எப்போதோ நடந்ததுதானே?

மிலரேபா 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த திபெத்திய யோகி. பிரேன் பூ என்ற குகைக் கோயிலில் அவர் தவம் செய்தார் என்பது ஊர் வழக்கு. கல்லில் பதிந்த காலடித் தடத்தைக் காட்டுவார்கள். வரலாற்று ஆதாரம் கேட்டு வாதாட நான் போகவில்லை, அந்தக் குகை வாசலில் நின்றபோது அது தோன்றவும் இல்லை.

ஆனால் தவம் பழங்கதை மட்டும் இல்லை. காட்மாண்டு கோபன் மடத்தைச் சேர்ந்த கெஷே லாமா கொன்சோக் இந்தப் பள்ளத்தாக்கின் மலைகளில் பல வருடம் தனிமைத் தவம் இருந்தவர். அவர் 2001-இல் மறைந்தபின், ட்சும்மில் பிறந்த ஒரு குழந்தையை அவருடைய மறுபிறப்பாக அடையாளம் கண்டார்கள். இன்றும் குகைகளிலும் தனிக் குடில்களிலும் தவம் இருப்பவர்கள் உண்டு. மூடிய குடிலைப் பார்த்தால் பேச்சைக் குறைத்து விலகிப் போங்கள். கதவைத் தட்டாதீர்கள், ட்ரோன் பறக்கவே விடாதீர்கள்.

ரோடு வருதாமே, அதுக்குள்ள போய்ப் பார்த்துடணுமா?

சாலை வேலை கீழிருந்து மேலே நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. முன்பு ஜீப் நின்ற இடத்தைத் தாண்டி மச்சா கோலா வரை வந்துவிட்டது. அழகு கெட்டுவிடும் என்று வருந்தும் நண்பர்களுக்கு நான் சொல்வது, 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தை நினைத்துப் பாருங்கள் என்பதுதான். அதன் மையம் இதே கோர்கா மாவட்டத்தின் பார்பாக். ட்சும்மில் வீடுகளும் கோம்பாக்களும் விழுந்தன, பாதைகள் அடைபட்டன. பிரசவ வலி வந்த பெண்ணையும் எலும்பு முறிந்தவரையும் இன்றும் நாள்கணக்கில் சுமந்துதான் இறக்க வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டருக்குக் காசு வேண்டும். ரோடு வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. ரோடு வந்தால் இறைச்சி வியாபாரியும் மரம் வெட்டுகிறவரும் சுலபமாக உள்ளே வரலாம். அதைத் தாண்டியும் ஷ்யாக்யா நிற்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், உள்ளாட்சியும் அதை அங்கீகரித்திருக்கிறது. எனவே ரோட்டுக்குப் பயந்து நாளை காலையே கிளம்ப வேண்டியதில்லை. உடம்பைத் தயார் செய்து, ட்சும்பா கைடு கிடைக்கும் தேதியைக் கேட்டு, அதற்கு ஏற்றபடி லீவு போடுங்கள்.